நிறைந்துபோன கணினியில் இடம் எடுப்பது: எதை அழிக்கலாம், எதை இடம் மாற்ற வேண்டும்

ஆரையம்பதியில் இருக்கும் ஒரு டீச்சர் போன மாதம் இரவு எட்டு மணிபோல் அழைத்தார். "தம்பி, தவணைப் பரீட்சை வினாத்தாள் முழுக்க அடிச்சி முடிச்சிட்டன். சேவ் பண்ணப் போனா இடமில்லையெண்டு நிக்குது. நாளைக்குக் காலையில குடுக்கணும்."

நான் போய்ச் சேர்வதற்குள் அவர் மூன்று போட்டோ போல்டர்களைத் தெரிவுசெய்து வைத்திருந்தார். "இதுகள அழிச்சா இடம் வரும்தானே?" அதில் ஒன்று அவருடைய அம்மாவோடு கொண்டாடிய கடைசிப் பொங்கல். மூன்றையும் சேர்த்தால் 3 ஜிபி கூட வராது. அதே லெப்டொப்பில், அவர் ஒருநாளும் திறந்து பார்த்திராத ஒரு போல்டரில், யாருக்கும் பயன்படாத 22 ஜிபி இருந்தது.

அநேகமான வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. இடமில்லை என்றதும் கண்ணுக்குத் தெரிவதை அழிக்கிறோம். கண்ணுக்குத் தெரிவதோ நாம் எடுத்த படம், நாம் எழுதிய கடிதம், பிள்ளை பாடிய பாட்டு. கணினி தன்பாட்டில் சேர்த்து வைத்த குப்பை கண்ணில் படுவதில்லை.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கணக்கில் போகிறது. கணினி தானாக மறுபடி உண்டாக்கிக்கொள்ளும் பொருள் என்றால் தயங்காமல் அழிக்கலாம். இணையத்திலிருந்து திரும்ப இறக்கக்கூடியது என்றால், டேட்டாவுக்குப் போகும் காசையும் யோசித்து அழிக்கலாம். ஒரு மனிதர் உண்டாக்கியது என்றால் அழிக்க வேண்டாம், வேறு இடத்துக்கு மாற்றுவோம். படிகளின் வரிசையும் இதேதான். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். மெனுவில் சொற்கள் கொஞ்சம் இடம் மாறியிருக்கலாம், அவ்வளவுதான்.

தொடங்கும் முன்: திறந்திருக்கும் வேலையைக் காப்பாற்றுங்கள்

சேவ் ஆகாத கோப்பு திரையில் இருந்தால் வேறெதையும் தொட வேண்டாம். ஒரு பென் ட்ரைவைச் செருகி, "சேவ் ஆஸ்" கொடுத்து, அதற்குள் சேமியுங்கள். டீச்சரின் வினாத்தாளை முதலில் இப்படித்தான் காப்பாற்றினோம். பென் இல்லையென்றால் எல்லாவற்றையும் தெரிவுசெய்து கொப்பி செய்து, உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள்.

படி 1: இடம் எங்கே போனது என்று பாருங்கள்

"திஸ் பிசி"யைத் திறந்தால் ட்ரைவுகளின் பட்டை தெரியும். மீதி இடம் பத்து சதவீதத்துக்குக் கீழே போனதும் பட்டை சிவப்பாகும். 500 ஜிபி என்று வாங்கிய டிஸ்க்கில் 465தான் காட்டுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். ஏமாற்று இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. 256 ஜிபி 238 ஆகத் தெரிவதும், ஒரு டிபி 931 ஜிபி ஆகத் தெரிவதும் இதனால்தான்.

அடுத்து செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போங்கள். எது எவ்வளவு தின்கிறது என்ற பட்டியல் வரும். ஆனால் அது மேலோட்டமான கணக்கு. உள்ளே இறங்கிப் பார்க்க "விஸ்ட்ரீ" அல்லது "வின்டிர்ஸ்டாட்" என்ற மென்பொருளில் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் வீட்டுப் பாவனைக்கு இலவசம், இரண்டும் சின்னவை. நான் விஸ்ட்ரீயைத்தான் விரும்புகிறேன். அது ஒவ்வொரு போல்டராகத் திறந்து எண்ணாமல், டிஸ்க்கின் கோப்பு அட்டவணையையே நேராக வாசிக்கிறது. அதனால் சில வினாடிகளில் பதில் தருகிறது. பழைய ஹார்ட் டிஸ்க் போட்ட கணினியில் இந்த வேகம் பெரிய உதவி.

டீச்சரின் லெப்டொப்பில் இருந்த 238 ஜிபி இப்படிப் பிரிந்து கிடந்தது: சூம் வகுப்புப் பதிவுகள் 62, சொந்தப் படங்களும் வீடியோக்களும் 64, டவுன்லோட்ஸ் போல்டர் 31, விண்டோஸ் 24, பழைய விண்டோஸின் மிச்சம் 22, புரோகிராம்கள் 16, டெலிகிராம் 14, ஹைபர்னேட் கோப்பு 3 சொச்சம். கையில் மிஞ்சியது 1.8.

இப்படி ஒரு பட்டியலை நீங்களும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை. எங்கே கை வைக்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். 200 எம்பி போல்டர் ஒன்றைத் துப்புரவாக்க அரைமணி நேரம் மினக்கெட்டுவிட்டு, 60 ஜிபி போல்டரைப் பார்க்காமலே விட்டவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

படி 2: அவசரத்துக்குக் கொஞ்சம் மூச்சு

ரீசைக்கிள் பின்னைத் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டுக் காலி செய்யுங்கள். அழித்தது அங்கேதான் போய் உட்காரும், இடம் திரும்பி வராது. பார்க்காமல் காலி செய்ய வேண்டாம். பிழையாக அழித்த ஏதாவது அதில் கிடக்கலாம்.

கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்புறம் விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் சதவீதக் குறி, டெம்ப் என்ற சொல், மறுபடி சதவீதக் குறி, இவற்றை இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டுங்கள். திறக்கும் போல்டரில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கலாம். சிலது "பாவனையில் இருக்கிறது" என்று மறுக்கும். "ஸ்கிப்" கொடுத்து விட்டுவிடுங்கள். முதலில் ரீஸ்டார்ட் செய்யச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பாதியில் நிற்கும் இன்ஸ்டால் வேலை ஏதாவது இருந்தால் அதற்குரிய கோப்புகளும் இதே இடத்தில்தான் இருக்கும்.

படி 3: விண்டோஸ் விட்டுப்போன மிச்சங்கள்

2025 அக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. அதனால் நிறையப் பேர் 11க்கு மாறினார்கள், இன்னும் மாறிக்கொண்டிருக்கிறார்கள். மாறும்போது பழைய விண்டோஸ் முழுவதும் "விண்டோஸ் டொட் ஓல்ட்" என்ற போல்டரில் அப்படியே தங்கும். பிடிக்காவிட்டால் திரும்பிப் போவதற்காக அதை வைத்திருக்கிறார்கள். வழக்கமாகப் பத்து நாளில் தானாகவே போய்விடும். டீச்சர் முந்தின வாரம்தான் மாறியிருந்தார். நேற்றுவரை ஒழுங்காக இருந்த கணினி திடீரென்று நிறைந்ததன் காரணம் அந்த 22 ஜிபிதான்.

இதை எடுக்கும் முன் நான் இரண்டைச் சோதித்தேன். அவருடைய பழைய வினாத்தாள்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. அவை புதிய விண்டோஸில் சரியாகத் தெரிகின்றனவா? பிரின்டர் வேலை செய்கிறதா? இரண்டும் சரி. நீங்களும் உங்களுக்கு அன்றாடம் தேவையானதைச் சோதித்துவிட்டே எடுங்கள். எடுத்தபின் பழைய விண்டோஸுக்குத் திரும்ப வழியில்லை.

எடுக்கும் வழி: செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ். கொஞ்ச நேரம் தேடிவிட்டு ஒரு பட்டியல் தரும். அதில் "பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்", "விண்டோஸ் அப்டேட் கிளீன்அப்", "டெலிவரி ஒப்டிமைசேஷன் ஃபைல்ஸ்", "தம்ப்நெயில்ஸ்", "டெம்பரரி இன்டர்நெட் ஃபைல்ஸ்" ஆகியவற்றை டிக் செய்யலாம். இவற்றில் தேவையானதைக் கணினி தானே மறுபடி உண்டாக்கிக்கொள்ளும்.

அதே பட்டியலில் "டவுன்லோட்ஸ்" என்றும் ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் டிக் செய்யாதீர்கள். அது உங்கள் டவுன்லோட்ஸ் போல்டரை முழுதாகக் காலி செய்துவிடும். குப்பைப் பட்டியலுக்குள் சொந்தப் பொருள் ஒன்றும் கலந்து கிடக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாக டிக் செய்து, பட்டப்படிப்பு ஒப்படையை இழந்த பிள்ளை ஒருவரை எனக்குத் தெரியும்.

"அப்டேட் கிளீன்அப்" முடிய நேரம் எடுக்கும். ஹார்ட் டிஸ்க் போட்ட கணினியில் ஒரு மணிநேரம்கூட ஆகலாம். இடையில் நிறுத்த வேண்டாம். லெப்டொப் என்றால் சார்ஜில் போட்டு வையுங்கள். மேசைக் கணினி, அதுவும் யூபிஎஸ் இல்லாதது என்றால், இடி மின்னலோடு மழை பெய்கிற மாரிகாலப் பின்னேரங்களில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

படி 4: டவுன்லோட்ஸ் போல்டர்

இதைக் கையால்தான் செய்ய வேண்டும், குறுக்கு வழி இல்லை. போல்டரைத் திறந்து "டீட்டெயில்ஸ்" தோற்றத்துக்கு மாற்றி, "சைஸ்" என்ற தலைப்பில் தட்டுங்கள். பெரியவை மேலே வரும். முதல் இருபதைப் பார்த்தால் போதும், வேலையில் பெரும்பங்கு அதிலேயே முடியும்.

இன்ஸ்டால் செய்து முடிந்த செட்அப் கோப்புகளை எடுக்கலாம். பார்த்து முடிந்த படங்களையும் எடுக்கலாம். விரித்து எடுத்த பின்பும் கிடக்கும் ஸிப் கோப்புகளையும் அப்படியே. ஆனால் பெரிய செட்அப் ஒன்றை அழிக்குமுன், திரும்ப இறக்க எவ்வளவு டேட்டா போகும் என்று யோசியுங்கள். போன் ஹொட்ஸ்பொட்டில் கணினி ஓட்டுகிற வீட்டுக்கு 4 ஜிபி செட்அப் சின்ன விஷயமில்லை. பிரின்டர் ட்ரைவர் போன்றவற்றை ஒரு பென்னில் போட்டு வைப்பது நல்லது.

பரீட்சைத் திணைக்களத்தின் பழைய வினாத்தாள்கள், வங்கியிலிருந்து வந்த கூற்றுகள், பிறப்பத்தாட்சியின் ஸ்கேன் பிரதி, இப்படியானவை டவுன்லோட்ஸில்தான் சிதறிக் கிடக்கும். இவை சின்னக் கோப்புகள், அழிப்பதால் இடம் வராது. தேடி எடுத்து டொக்யுமென்ட்ஸில் ஒழுங்காக வையுங்கள். டீச்சரின் 31 ஜிபியில் 25 போனது, 6 மிஞ்சியது.

படி 5: வட்ஸ்அப், டெலிகிராம், பிரவுசர்

டெலிகிராமைக் கணினியில் வைத்திருப்பவர்கள் கட்டாயம் பாருங்கள். வகுப்புக் குழுக்களில் வரும் வீடியோக்கள் எல்லாம் மெல்ல மெல்லச் சேரும். டெலிகிராமின் செட்டிங்ஸ், அட்வான்ஸ்ட், மேனேஜ் லோக்கல் ஸ்டோரேஜ் என்று போய் அழித்தால் கணினியில் உள்ள பிரதி மட்டும் போகும். செய்தி டெலிகிராமின் சேவையகத்தில் இருப்பதால் வேண்டும்போது மறுபடி இறக்கலாம். டவுன்லோட்ஸுக்குள் "டெலிகிராம் டெஸ்க்டொப்" என்று தனியாக ஒரு போல்டரும் இருக்கும். அதில் நீங்களாகச் சேமித்தவை கிடக்கும், அதையும் பாருங்கள். டீச்சருக்கு இதில் 12 ஜிபி வந்தது.

வட்ஸ்அப் அப்படியில்லை. பழைய படமோ வீடியோவோ போனிலிருந்தும் கணினியிலிருந்தும் போய்விட்டால், அனுப்பியவரிடம்தான் திரும்பக் கேட்க வேண்டும். ஆகவே வட்ஸ்அப்பின் போல்டர்களுக்குள் போய்க் கையால் அழிக்க வேண்டாம். போனில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அன்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ் என்று போனால் பெரிய கோப்புகளையும் பலமுறை அனுப்பப்பட்டவற்றையும் தனியாகப் பிரித்துக் காட்டும். காலை வணக்கப் படங்களும் பழைய வீடியோக்களும் அங்கேயே போகட்டும். வேண்டியதை முதலில் வேறிடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள்.

பிரவுசருக்கு கன்ட்ரோல், ஷிப்ட், டிலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, "கேஷ்" (வேகமாகத் திறப்பதற்காகச் சேர்த்து வைக்கும் தற்காலிகக் கோப்புகள்) என்று வரும் வரியை மட்டும் டிக் செய்யுங்கள். பாஸ்வேர்ட் என்ற வரியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

படி 6: ஹைபர்னேட் கோப்பு

கணினியை ஹைபர்னேட் செய்யும்போது, அதாவது திறந்த வேலைகள் அப்படியே இருக்க அணைக்கும்போது, மெமரியில் உள்ளதை எழுதி வைக்க விண்டோஸ் ஒரு கோப்பை ஒதுக்கி வைத்திருக்கும். பொதுவாக அது ராம் அளவில் 40 சதவீதம். 8 ஜிபி ராம் என்றால் 3.2 ஜிபி. 32 ஜிபி ராம் போட்ட ஸ்டூடியோக் கணினியில் கிட்டத்தட்ட 13 ஜிபி. கையால் அழிக்க விடாது. மேசைக் கணினியில் ஹைபர்னேட் தேவையே இல்லை என்றால் நிறுத்தலாம். ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தேடி, அதில் ரைட் கிளிக் செய்து "ரன் ஏஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுங்கள். வரும் கறுப்புத் திரையில் அடிக்க வேண்டியதைப் போனில் சொல்வதுபோல் சொல்கிறேன்: பவர் என்ற ஆங்கிலச் சொல், அதோடு ஒட்டி சி, எஃப், ஜி, ஒரு இடைவெளி, முன்பக்கம் சாய்ந்த கோடு, அதோடு ஒட்டி எச், ஒரு இடைவெளி, ஆஃப் என்ற சொல். என்டர். மனம் மாறினால் ஆஃபுக்குப் பதில் ஆன்.

இதை நிறுத்தினால் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" வேலை செய்யாது, கணினி எழும்ப இன்னும் சில வினாடி கூடும். லெப்டொப்பில் நான் நிறுத்துவதில்லை. டீச்சரின் லெப்டொப்பிலும் விட்டுவிட்டேன்.

தொடக்கூடாத இடங்கள்

விஸ்ட்ரீயைத் திறந்ததும் விண்டோஸ் போல்டருக்குள் "வின்எஸ்எக்ஸ்எஸ்", "இன்ஸ்டாலர்", "சிஸ்டம்32" என்று பெரிய பெயர்கள் மேலே வரும். கை துருதுருக்கும். வேண்டாம். வின்எஸ்எக்ஸ்எஸ் காட்டுகிற அளவும் உண்மையான அளவு அல்ல. ஒரே கோப்பு இரண்டு இடத்தில் தெரியும்படி விண்டோஸ் கட்டப்பட்டிருப்பதால் இரட்டிப்பாக எண்ணப்படுகிறது. அதில் எடுக்கக்கூடியதைப் படி 3இல் "அப்டேட் கிளீன்அப்" ஏற்கனவே எடுத்துவிட்டது. இன்ஸ்டாலர் போல்டரைக் காலி செய்தால் அன்றைக்கு ஒன்றும் நடக்காது. சில மாதம் கழித்து ஒப்பீஸை அப்டேட் செய்யவோ நீக்கவோ முயலும்போது முடியாமல் போகும். பேஜ்ஃபைல் என்பதையும் விட்டுவிடுங்கள்.

"ஒரே கிளிக்கில் கணினியைத் துப்புரவாக்கும்" என்று விளம்பரத்தில் வரும் மென்பொருள்களை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. மேலே சொன்ன வேலைகளை விண்டோஸே செய்கிறது. அந்த மென்பொருள்கள் கூடுதலாகச் செய்வதில் பாதி தேவையற்றது, மீதி ஆபத்தானது.

புரோகிராம்கள்

செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்ட் ஆப்ஸ் என்று போய் அளவுப்படி வரிசைப்படுத்துங்கள். பாவிக்காததை அங்கிருந்து "அன்இன்ஸ்டால்" செய்யுங்கள். டெஸ்க்டொப்பில் இருக்கும் ஐகனை அழித்தால் புரோகிராம் போகாது. அது ஒரு வழிகாட்டிப் பலகை மட்டும்தான். மறுபக்கமாக, டெஸ்க்டொப்பில் இருக்கும் போல்டர் உண்மையான போல்டர். அது சி ட்ரைவில்தான் இருக்கிறது, அழித்தால் போய்விடும்.

படி 7: நாம் உண்டாக்கியதை இடம் மாற்றுவது

இதுவரை செய்ததில் டீச்சரின் கணினியில் 60 ஜிபி கிட்டத் திரும்பியிருந்தது. அன்றைய வேலைக்கு அது தாராளம். ஆனால் அந்த 62 ஜிபி சூம் பதிவுகள் அப்படியே இருந்தன. 2020, 2021 கொரோனாக் காலத்தில் பாடசாலை மூடியிருந்தபோது நடத்திய வகுப்புகள். சூம் தன் பதிவுகளை டொக்யுமென்ட்ஸுக்குள் "சூம்" என்ற போல்டரில் திகதி வாரியாகப் போட்டு வைக்கும். அவை அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது. திறந்து காட்டியதும் ஒரு வீடியோவில் பிள்ளைகளின் குரலைக் கேட்டு அப்படியே இருந்துவிட்டார். "இதுல ரெண்டு பிள்ளைகள் இப்ப கெம்பஸ்ல, தம்பி." அழிக்கிற பேச்சே எழவில்லை.

இடம் மாற்ற வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வேண்டும். வாங்கும்போது கவனம். 2 டிபி பென் ட்ரைவ் நம்ப முடியாத விலையில் என்று இணையத்தில் விற்கிறார்கள். அவற்றில் பல, கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும்படி மாற்றப்பட்டவை. உள்ளே இருப்பது 32 ஜிபியாக இருக்கும். எழுதும்போது ஏற்றுக்கொள்ளும், திறக்கும்போது கோப்பு பழுதாகியிருக்கும். புதிதாக வாங்கிய எந்த டிஸ்க்கையும் "எச்2டெஸ்ட்டபிள்யூ" என்ற இலவச மென்பொருளால் முழுதாக ஒருமுறை எழுதி வாசித்துச் சோதித்த பின்பே நம்புங்கள். ஒரு இரவு ஓடட்டும்.

பிறகு மாற்றும் முறை. "கட்" செய்து "பேஸ்ட்" செய்யாதீர்கள். கரண்ட் போனாலோ வயர் அசைந்தாலோ பாதி அங்கும் பாதி இங்கும் கிடக்கும், எது வந்தது எது வரவில்லை என்று பிரித்தெடுப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். "கொப்பி" செய்யுங்கள். முடிந்ததும் இரண்டு போல்டரிலும் ரைட் கிளிக் செய்து "புரொப்பர்ட்டீஸ்" பாருங்கள். கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த பைட் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். புதிய இடத்திலிருந்து நாலைந்து கோப்புகளைத் திறந்து, வீடியோவின் நடுப்பகுதியையும் ஓட்டிப் பாருங்கள். "சேஃப்லி ரிமூவ்" கொடுத்து டிஸ்க்கைக் கழற்றி, மறுபடி செருகி, இன்னுமொருமுறை திறந்து பாருங்கள். இதற்குப் பிறகே பழைய இடத்தில் உள்ளதை அழிக்க வேண்டும். எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத புதிய வகை டிஸ்க்) அழித்த கோப்பை மீட்பது அநேகமாக முடியாத காரியம். அழித்த இடத்தை அது பின்னணியில் தானே துடைத்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்த இரண்டாவது வாய்ப்பு இதில் இல்லை.

பென்னில் இடம் இருக்கும்போதே "கோப்பு மிகப் பெரிது" என்று மறுத்தால், பென் ஃபாட்32 முறையில் இருக்கிறது என்று அர்த்தம். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக் கோப்பு போகாது. எக்ஸ்ஃபாட் முறையில் போர்மட் செய்தால் போகும். போர்மட் செய்தால் அதில் உள்ளதெல்லாம் அழியும் என்பதால் முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அசலை அழித்துவிட்டு வெளி டிஸ்க்கில் ஒன்று மட்டும் இருந்தால் அதற்குப் பெயர் பிரதி அல்ல. அதுவும் ஒற்றை. டிஸ்க் கீழே விழுந்தால் கதை முடிந்தது. 2004 டிசம்பர் 26 அன்று கல்லடி, நாவலடி தொடங்கி கல்முனை, காரைதீவு வரை கரையோர வீடுகளில் கடல் கொண்டுபோனதில் அல்பங்களும் உண்டு. என் பெரியம்மா வீட்டில் அதற்கு முந்தின காலத்துப் படம் என்று இருப்பது, கொழும்பில் இருந்த ஒரு மச்சாளிடம் முன்பு கொடுத்திருந்த இரண்டே இரண்டு. வேறொரு ஊரில் இருந்ததால் தப்பின. அதிலிருந்து நான் யாருக்கும் சொல்வது: திரும்ப எடுக்க முடியாததை இரண்டு டிஸ்க்கில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். கரையிலிருந்து தள்ளி, மேட்டுக் காணியில் இருக்கும் சொந்தக்காரர் வீடு என்றால் நல்லது. மாரி வெள்ளத்தையும் மனதில் வைத்து, அலுமாரியின் மேல்தட்டில், இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டிக்குள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைக்கட் ஒன்றோடு வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் செருகி, திறக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு கூத்து வீடியோவின் கதை

படுவான்கரையில் ஒரு குடும்பம். வீட்டுக் கணினியில் 39 ஜிபி அளவில் ஒரு கோப்பு. 2009இல் ஊரில் அரங்கேறிய வடமோடிக் கூத்தின் மூன்று மணிநேரப் பதிவு. அதை ஆட்டுவித்த அண்ணாவியார் இப்போது இல்லை. பெயர் எண்களாக இருந்ததால் பிள்ளைகள் அதைக் குப்பை என்று நினைத்திருந்தார்கள். அந்தக் காலத்து டிஜிட்டல் வீடியோ டேப் கமராக் கோப்புகள் மணிக்கு 13 ஜிபி எடுக்கும், அதனால்தான் அவ்வளவு பெரிது.

இப்படியானவற்றுக்கு "ஹேண்ட்பிரேக்" என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. எச்264 முறையில் மாற்றினால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாமல் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே வரும். பழைய கமராப் பதிவு என்றால் அதில் "டிஇன்டர்லேஸ்" என்ற தெரிவைப் போடுங்கள், இல்லாவிட்டால் ஆட்டத்தில் கால் அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் விழும். சுருக்கிய பிரதியைக் கணினியில் வைத்துப் பார்க்கலாம், ஊராருக்குக் கொடுக்கலாம். அசலை வெளி டிஸ்க்கில் அப்படியே வைத்திருங்கள். சுருக்கியதிலிருந்து அசலைத் திரும்ப எடுக்க முடியாது. கோப்புக்கு ஒரு பெயரும் வையுங்கள்: கூத்து, ஊர், ஆண்டு. பெயர் இருந்தால் யாரும் தெரியாமல் அழிக்க மாட்டார்கள்.

கலியாணவீடு, சாமத்தியவீடு எடுக்கும் ஸ்டூடியோத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. பிரீமியரில் எடிட், பிரெஃபரன்ஸ், மீடியா கேஷ் என்று போங்கள். முடிந்த வேலைகளின் கேஷ் அங்கே பத்து இருபது ஜிபியாகக் குவிந்திருக்கும். அது தானாக மறுபடி உண்டாகிற பொருள், தாராளமாக அழிக்கலாம். கேஷ் இருக்கும் இடத்தையும் சி அல்லாத ட்ரைவுக்கு மாற்றிவிடுங்கள்.

ஒரே படம் பல தடவை

போன் மாற்றும்போதெல்லாம் படங்களைக் கணினியில் கொட்டுகிறோம். "போன் படம்", "போன் படம் புதுசு", "போன் படம் கடைசி" என்று மூன்று போல்டர். "டூப்குரு" என்ற இலவச மென்பொருள் பெயரைப் பார்க்காமல் உள்ளடக்கத்தை ஒப்பிட்டு ஒன்றுபோல் இருப்பதைக் காட்டும். முழுக்க ஒன்றாக இருந்தால் ஒன்றை எடுக்கலாம். ஆனால் பார்வைக்கு ஒன்றாகவும் அளவில் வேறாகவும் இருந்தால், சின்னது அநேகமாக வட்ஸ்அப்பில் வந்து சுருங்கியதாக இருக்கும். பெரியதை வைத்திருங்கள்.

இணையச் சேமிப்பு பற்றி

கூகுள் கணக்குக்கு 15 ஜிபி இலவசம், மைக்ரோசொஃப்ட்டின் வன்ட்ரைவுக்கு 5. முக்கியமான ஆவணங்களுக்கு அது போதும். வன்ட்ரைவ் போல்டரில் ரைட் கிளிக் செய்து "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" கொடுத்தால் கோப்பு இணையத்தில் மட்டும் இருக்கும், பெயர் கணினியில் தெரியும். திறக்க இணையம் வேண்டும். ஆனால் அந்தப் போல்டரில் "டிலீட்" கொடுத்தால் இணையத்திலிருந்தும் போகும், உங்கள் மற்றக் கணினியிலிருந்தும் போகும். இரண்டு சொல்லையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

படி 8: சி நிறைந்து, டி காலியாக இருந்தால்

நம் கடைகளில் ஹார்ட் டிஸ்க்கை சி, டி என்று பிரித்தே தருவார்கள். பலருக்கு டி காலியாகக் கிடக்கும். டொக்யுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் போல்டர்களில் ரைட் கிளிக் செய்து, புரொப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ் என்று கொடுத்து, டியில் புதிதாக ஒரு போல்டர் உண்டாக்கி அதைக் காட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் போல்டர். இனிமேல் வருவதெல்லாம் அங்கே போகும். டியில் வைத்தது பாதுகாப்பு என்று மட்டும் நினைக்க வேண்டாம். சியும் டியும் ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகள், பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும்.

"நிறைஞ்சிருக்கு, போர்மட் பண்ணித் தாங்க" என்று கடையில் கொடுப்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். டெஸ்க்டொப், டொக்யுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் வழக்கமாக சியில் இருப்பவை. என் மச்சான் ஒருவர் அப்படிக் கொடுத்து, மகள் பிறந்ததிலிருந்து ஐந்து வருடப் படங்களை இழந்தார். கடைக்காரர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. கொடுக்கும் முன் நீங்களே வெளி டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்தபின்

டீச்சரின் கணினியில் இப்போது 120 ஜிபிக்கு மேல் காலி. ஒரு படம்கூட அழிக்கவில்லை. செட்டிங்ஸில் "ஸ்டோரேஜ் சென்ஸ்" என்பதை ஆன் செய்து, மாதம் ஒருமுறை ஓடும்படி வைத்தேன். அதிலும் டவுன்லோட்ஸ் என்ற வரியை "நெவர்" என்றே விட்டேன். மொத்த அளவில் 15 சதவீதமாவது எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. அதற்குக் கீழே போனால் எஸ்எஸ்டியின் எழுதும் வேகம் குறையத் தொடங்கும், விண்டோஸ் அப்டேட்டும் இடமில்லாமல் நிற்கும்.

இவ்வளவும் செய்தும் இரண்டு மாதத்தில் மறுபடி சிவப்பாகிறது என்றால் டிஸ்க் உங்கள் வேலைக்குச் சின்னது. மாற்றலாம். லெப்டொப்பின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். எம்2 என்று ஒரே பெயரில் விற்கும் எஸ்எஸ்டிகளில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு. ஒன்றுக்கான இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே புதியதற்கு "குளோன்" செய்து தரும்படி கேளுங்கள். பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிடாமல் கையோடு வாங்கி வந்து, குறைந்தது ஒரு மாதமாவது போர்மட் செய்யாமல் வைத்திருங்கள்.